பாதிரிக்குடியார் காவல்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையைக் கடக்கும் எவரும் யானைமலையைப் பாராமல் போக இயலாது. துதிக்கையை நீட்டிப் படுத்துக்கிடக்கும் களிறுபோல ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரே பாறை. இவ்வட்டாரத்தில் பங்குப்பணி ஏற்று வந்த நாள்முதல், கிளைப்பங்குகளில் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்கு இருசக்கர வண்டியில் விரையும்போது அம்மலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கொண்டுதான் நான் திசை அறிவது வழக்கம். வடக்கே அழகர்மலை நீலமாய்த் தெரியும். இடையில் பெருமாள்மலை, கழிஞ்சமலை, கழுகுமலை, ஓவாமலை என்று சிறியவும் பெரியவுமாய்க் குன்றுகள். குன்றுகளுக்கு நடுவே வயல்.

நம் சமவெளியின் மலைகள் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். வெளியூர் அன்பர்கள் இவற்றைக் கண்டு 'வறண்ட பூமி' என்று இரங்குவதுண்டு. அந்த இரக்கம் தேவையற்றது. பாறை தன்மேல் விழும் மழையில் மிகச் சிறிதே தனக்கென்று வைத்துக்கொள்கிறது. மற்றதையெல்லாம் சரிவில் இறக்கி ஓடைக்குத் தந்துவிடுகிறது. ஓடை கண்மாய்க்குத் தருகிறது. கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. பாறைப் பிளவில் தங்கியது சுனையாகிறது. ஓட்டுக் கூரையிலிருந்து வழியும் மழைநீரை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிக்கும் நம் தாய்மாரின் கணக்கேதான் இது. கூரை மலை, அண்டா கண்மாய். 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மேலூர்ச் சீமைக்கு வந்தது அண்மைக் கதை. அதற்கு முன்பும், கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களில் இன்றைக்கும், மலைதான் மடி.

"பங்குச்சாமிக்குச் சமணர் மலையில் என்ன வேலை?" என்று எங்கள் உபதேசியார் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்புக்குள் சிறிது கவலையும் இருந்தது என்பதை அறிவேன். திங்கட்கிழமைகளில் பங்கில் வேலை குறைவு. அந்நாள்களில் தண்ணீர்ப் புட்டியும் கைத்தடியுமாக இக்குன்றுகளில் ஏறி இறங்குவதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறேன். உபதேசியாரின் கேள்விக்கு அன்று நான் தந்த விடை உடல்நலம் பற்றியது. இக்கட்டுரையைச் சற்று விரிவான விடையாகக் கொள்ளலாம்.

மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்திலிருந்து ஓவாமலை ஏறினால், உச்சிக்கு அருகே இயற்கையாய் அமைந்த குகைகள். உள்ளே தரைப்பாறையைச் சமமாக்கி, தலைமாட்டில் சிறிது உயர்த்தி, வழுவழுப்பாக வெட்டிய படுக்கைகள். குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி நீளக் காடி ஒன்று. மழைக்காலத்தில் நடந்தால் பூச்சி புழுக்களை மிதிக்க நேரும் என்றஞ்சி, நான்கு மாதம் ஓரிடத்திலேயே தங்கிய சமண முனிவர்களுக்கென அமைந்தவை இவை. ஒருமுறை அதில் படுத்தும் பார்த்தேன். ஐம்பதைக் கடந்த முதுகுக்கு அது ஏற்றதன்று. ஆயினும் தலைக்குக் கீழே அந்தக் கல்லின் குளிர்ச்சியை உணர்ந்தபோது, யாக்கோபு நினைவுக்கு வந்தார். அண்ணனுக்கு அஞ்சி ஓடிய வழியில் இரவு ஒரு கல்லைத் தலைக்கு வைத்துறங்கி, விடிந்ததும் அக்கல்லையே நாட்டி எண்ணெய் வார்த்து, வேறொரு பெயரால் வழங்கிவந்த அவ்விடத்தைப் பெத்தேல் என்றழைத்தவரல்லவா அவர்? இடம் அதே இடம்தான், பெயர்தான் புதிது. இந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாங்குளத்துக் குகைகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 6 கல்வெட்டுகள் உள்ளன. 1882-இல் இராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி இவற்றை வெளியுலகுக்கு அறிவித்தார். எழுத்து தெரிந்தது, மொழி விளங்கவில்லை. இக்குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரைப் படித்தறிந்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி கொடுத்தது ஒன்று. அம்மன்னனின் உறவினனும் இளஞ்சடிகனின் தந்தையுமான சடிகன் கொடுத்தது ஒன்று. வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினர் கொடுத்தது ஒன்று. அந்த வெள்ளறை, பக்கத்திலுள்ள இன்றைய வெள்ளரிப்பட்டியாகலாம் என்பர் ஆய்வாளர்.

துறவிக்குப் படுக்கை கொடுத்தவர் தம் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் தவறாமல் பொறித்திருப்பதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கோவில்களில் மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் 'உபயம்' எழுதி, அது சுழலும்போது படிக்க முடியாமல் வருந்துவோர் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுடைய மூதாதையர் இங்கே கல்லில் இருக்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆசை இல்லாவிடில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இப்பள்ளத்தாக்கில் யார் வாழ்ந்தார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஓவாமலைக்கு அண்மையில் அரிட்டாபட்டி. என் திங்கட்கிழமைகள் அதிகம் கழிந்த ஊர் இதுதான். ஏழு குன்றுகள் சூழ நடுவில் கிண்ணம்போல் தாழ்ந்த நிலம். 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் 3 தடுப்பணைகளும் இக்குன்றுகளின் நீரால் வாழ்வதாக அரசின் அறிவிப்பு கூறுகிறது. ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கு காணப்படுகின்றன. வல்லூறுகளும் இராசாளிக் கழுகும் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகின்றன. முதல்முறை என்னை அழைத்துச் சென்ற ஊர்ப் பெரியவர், மேலே வட்டமிட்ட பறவையைக் காட்டாமல், என் காலடியில் ஈரமாயிருந்த பாறையைத்தான் காட்டினார். "கோடையிலயும் இது காயாது சாமி" என்றார்.

கழிஞ்சமலையின் அடிவாரத்தில் குடைவரைச் சிவன் கோவில் உள்ளது. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. ஒருபுறம் பிள்ளையார், மறுபுறம் தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் உருவம். ஊரார் இதனை 'இடைச்சி மண்டபம்' என்பர். கழுகுமலைக் குகைத்தளத்தில் இரண்டு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள்: நெல்வேலிச் செழியன் ஒருவன் கொடுத்தது ஒன்று, இலஞ்சி வேள் ஒருவனின் மகன் எமயவன் கொடுத்தது மற்றொன்று. இரண்டாவது 2003-இல்தான் கண்டறியப்பட்டது. நெல்வேலி திருநெல்வேலியாகவும் இலஞ்சி குற்றாலச் சாரலில் உள்ள ஊராகவும் இருக்குமாயின், எத்தனை தொலைவிலிருந்து இக்குன்றுக்கு அறம் செய்ய வந்திருக்கிறார்கள்!

அதே பாறையில், அந்தக் கல்வெட்டுகளுக்கு ஓராயிரம் ஆண்டு பிற்பட்ட ஒரு தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்திருக்கிறது. கண் பாதி மூடி, உதட்டில் புன்னகையென்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு நெகிழ்வு. அருகே வட்டெழுத்தில் சில வரிகள். மதுரையைச் சூழ்ந்த பல குன்றுகளில் இத்தகைய உருவங்களைச் செய்வித்த அச்சணந்தி என்னும் சமண ஆசிரியரே இதனையும் செய்வித்தார். அவ்வெழுத்து இக்குன்றைத் திருப்பிணையன் மலை என்று அழைக்கிறது. இறுதியில், இத்திருமேனி பாதிரிக்குடியார் காவலில் விடப்படுகிறது என்ற பொருள்பட முடிகிறது.

பாதிரி என்றதும் வாசகர்கள் என் போன்றாரை நினைத்துவிட வேண்டா. இது மரம். திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த அதே பாதிரி. அரிட்டாபட்டியின் அந்நாளைய பெயர் பாதிரிக்குடி. ஆக, அச்சணந்தி தம் கல்லை அரசனிடம் ஒப்படைக்கவில்லை. தம் மடத்தாரிடம்கூட ஒப்படைக்கவில்லை. மலையடியில் உழுது வாழ்ந்த ஊராரிடம் ஒப்படைத்திருக்கிறார்.

இவ்வரியை அறிந்த நாள்முதல் என் மனம் ஒரு கேள்வியில் நின்றுவிட்டது. காவல் காத்தார்களா?

சமணம் இச்சமவெளியிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. பாதிரிக்குடியாரின் வழிவந்தோருக்குத் தீர்த்தங்கரர் யாரென்று தெரியாது போயிற்று. முனிவர் படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றனர். கீழவளவில் மலைக்கே பஞ்சபாண்டவர் மலை என்று பெயர். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில், அமர்ந்த பெரிய தீர்த்தங்கரரின் காதையும் களையான முகத்தையும் கண்ட மக்கள் அவரைச் செட்டியாராக்கி, குகையைச் செட்டிப்புடவு என்றனர். அதே மலையின் மறுபக்கத்தில் அச்சணந்தியின் தாயார் குணமதியாரின் பெயர் பொறித்த இடம் பேச்சிப்பள்ளம் ஆயிற்று. படித்தவர்கள் இப்பெயர்களைக் கேட்டுப் புன்னகைப்பார்கள். 'அறியாமை' என்று கையேடுகளிலும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. குருமடத்தில் திருச்சபை வரலாறு கற்பித்த பேராசிரியர் ஒருவர் உரோமை நகரைப் பற்றிச் சொன்ன இரு செய்திகள் இங்கே உதவும். கேபிடோல் குன்றில் குதிரைமேல் அமர்ந்த மார்க்குஸ் அவுரேலியுஸ் பேரரசரின் வெண்கலச் சிலை இருந்தது. இன்று அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய உரோமையின் வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன. இது தப்பியது. ஏனெனில் இடைக்கால மக்கள் அதனைக் கிறிஸ்தவப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்று கருதிவந்தார்கள்! யாருடைய ஆட்சியில் நம் முன்னோர் துன்புற்றார்களோ, அவருடைய சிலையைத் தவறான பெயரால் நாமே காத்தோம். பாந்தியோன் என்னும் தேவகோட்டமும் அவ்வாறே. 609-இல் திருத்தந்தை நான்காம் போனிபாஸ் அதனை மரியன்னைக்கும் மறைசாட்சியருக்கும் உரிய ஆலயமாக்கினார். சுற்றியிருந்த கோவில்களின் பளிங்கைப் பெயர்த்து வீடு கட்டியவர்கள் அதன் சுவரைப் பெயர்க்கவில்லை.

பாண்டவரும் செட்டியாரும் பேச்சியும் நம் மலைகளில் செய்தது இதுவே. பெயர் மாறியிராவிட்டால், யாருக்கும் உரியதல்லாத வெறுங்கல்லாய் அது படிக்கட்டுக்கும் கிணற்றுச் சுவருக்கும் போயிருக்கும். கீழக்குயில்குடி மலையடியில் அய்யனார் கோவிலும் தாமரைக் குளமும் இருக்கின்றன. மேலே ஏறுகிறவன் கீழே செருப்பைக் கழற்றுகிறான். அந்தச் செருப்பு கழற்றும் பழக்கம் மேலேயுள்ள சமணத் திருமேனிக்கும் வேலி. இதைச் சட்டம் இயற்றி உண்டாக்கிவிட முடியாது.

இங்கே ஓர் உறுத்தலையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை நிற்கும் மலைகளில், சரியான பெயரும் சரியான நூற்றாண்டும் எழுதிய பலகைக்குப் பத்தடி தள்ளி, பாறையில் காதலர் பெயர்களைக் கீறியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களில் பலர் கல்லூரியில் படித்தவர்கள். பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள். அறிவு வந்ததும் உறவு போய்விடுகிறதோ என்ற ஐயம் எழுகிறது. பலகை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சீவலும் சுப்பிரமணிய அய்யரும் மகாதேவனும் இல்லையேல் நான் கடலன் வழுதியை அறிந்திருக்க மாட்டேன். ஆனால், "இது உங்கள் சாமியல்ல, சமணருடையது" என்று ஊராரைத் திருத்தும் அவசரம் சிலரிடம் காணப்படுகிறது. அவர்களிடம் கேட்கத் தோன்றுகிறது: திருத்திய பிறகு காவலுக்கு யார் இருப்பார்?

பக்தியின் பெயர் மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. மேலூர்ப் பகுதியில் கிரானைட் வெட்டியவர்களின் இரும்புக் கயிற்றின்முன் பாண்டவரும் தோற்றார்கள். கீழவளவுப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள்: வெண்ணெய் வெட்டியதுபோல் செங்குத்தாக அறுத்த பாறைச் சுவர்கள், அடியில் பச்சை நீர் தேங்கிய பள்ளங்கள், விலைபோகாத கற்பாளங்களின் குவியல். 2012-இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு ஏற்பட்ட இழப்பைச் சுமார் 16,000 கோடி ரூபாய் எனக் கணக்கிட்டு அறிக்கை அனுப்பினார். 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக அமர்த்தியது. ரூபாய்க் கணக்கு எழுத முடிந்தது. ஓடை மறிக்கப்பட்டதால் வறண்ட கண்மாய்களுக்கு யார் கணக்கெழுதுவது?

ஊரார் உறுதியாக எழுந்து நின்ற இடங்களும் உண்டு. 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கத் திட்டம் எழுந்தபோது மலையடி மக்கள் எதிர்த்தார்கள், அது கைவிடப்பட்டது. அம்மலையடியில் மாறன் காரி என்ற பாண்டிய அமைச்சன் 770-இல் குடைவித்து, அவன் இறந்தபின் தம்பி மாறன் எயினன் நிறைவு செய்த நரசிங்கப் பெருமாள் கோவில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அத்தகைய முதல் தலம் இதுவே. மகிழ்ந்தோம்.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில் செய்தி வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலம், நடுவண் அரசால் ஏலம் விடப்பட்டு ஒரு தனியார் நிறுவனம் தேர்வாகியிருந்தது. அரிட்டாபட்டி, அ. வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி எல்லாம் அந்த வரைபடத்துக்குள்.

எங்கள் கிளைப்பங்கு ஒன்றில் கைம்பெண்ணான பாட்டி ஒருவர் இருக்கிறார். கண்மாய்ப் பாசனத்தில் 60 சென்ட் நிலம். திருப்பலி முடிந்து எல்லாரும் சென்றபின் காத்திருந்து கேட்டார்: "சாமி, மலையை எடுத்துட்டா தண்ணி எங்கேருந்து எறங்கும்?" டங்ஸ்டன் எதற்குப் பயன்படும் என்பது முதல் இழப்பீட்டுச் சட்டம்வரை நான் செய்தித்தாளில் படித்து வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்கு அதில் ஒன்றும் இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில், இயற்கைச் செல்வம்போலவே வரலாற்று, பண்பாட்டுச் செல்வமும் ஆபத்தில் இருக்கிறது என்று எழுதியிருப்பதை அடுத்த ஞாயிறு மறையுரையில் விளக்கினேன். பாட்டி கேட்டதைவிட அது தெளிவாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

2024 டிசம்பரில் சட்டமன்றம் ஏலத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சல் நிலையம் நோக்கி ஆயிரக்கணக்கான மக்கள் நடந்தார்கள். ஒத்தக்கடைச் சாலையோரம் நின்று நான் பார்த்தேன். பச்சைத் துண்டு போட்ட உழவர்கள், இடுப்பில் குழந்தையுடன் பெண்கள், வேட்டியை மடித்துக் கட்டிய இளைஞர்கள். கூட்டத்தில் எங்கள் பங்கினர் சிலரும் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நடந்தவர்கள் பெருமாள் பெயரையும் கருப்பன் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். யானைமலை அவர்கள் எல்லாருக்கும் பின்னால் இருந்தது. அச்சணந்தியின் பெயர் அக்கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் விட்டுச்சென்ற காவலைத்தான் அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். சனவரி 23 அன்று ஏலம் நீக்கப்பட்டதாக நடுவண் அரசு அறிவித்தது. பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது 193 ஹெக்டேர். ஏலத்துக்குப் போனது 2,015. இந்த இரண்டு எண்களையும் ஊரார் மறக்கவில்லை.

கடந்த விடுமுறையில் மறைக்கல்வி மாணவர் இருபது பேரை அரிட்டாபட்டிக்கு அழைத்துச் சென்றேன். உபதேசியாரும் வந்தார், மூச்சிரைக்க மேலே ஏறி, படுக்கையில் அமர்ந்து, தலையணையைத் தடவிப் பார்த்தார். பழைய பெரியவர்தான் வழிகாட்டினார். பிள்ளைகளிடம் "பஞ்சபாண்டவர் படுத்த எடம்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தை ஒருமுறை பார்த்து, "சமண சாமியாருங்க இருந்ததுன்னு படிச்சவங்க சொல்றாங்க, அதுவும் சரிதான்" என்றார். இரண்டுக்கும் அவர் மனத்தில் இடம் இருந்தது.

ஊரின் பழைய பெயர் பாதிரிக்குடி என்று நான் சொன்னபோது ஒரு சிறுவன், "அப்போ நம்ம சாமிங்க ஊரா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். மரத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார்கள். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் கையை விரித்தார். தமக்கு நினைவு தெரிந்து இங்கே பாதிரி மரம் பார்த்ததில்லை என்றார். பிறகு, கண்மாய்க் கரையில் மேற்கே ஓர் இடம் ஆடு மாடு வராமல் இருப்பதாகவும், கன்று கிடைத்தால் தாம் தண்ணீர் ஊற்றுவதாகவும் சொன்னார். ஐப்பசி மழைக்குள் இரண்டு கன்றுகள் தேடித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.